கியர் பாக்ஸ் மாற்றிய பிறகு கியர் கத்துகிறதா? பெட்டியை மறுபடி இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கியர் பாக்ஸ் மாற்றிய வண்டி பட்டறையை விட்டு வெளியே வருகிறது. ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்’ என்று கத்துகிறது. முதல் கியர் தள்ளித் தள்ளித்தான் விழுகிறது. கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும்: “செகண்ட்ஸ் பெட்டி, அப்படித்தான் இருக்கும்”, இல்லையென்றால் “ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்.” இரண்டையும் ஏற்காதீர்கள். கியர் கத்துவது தானாகச் சரியாகாது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் உள்ளே பல்லின் முனை கொஞ்சம் மழுங்குகிறது, பித்தளை ரிங் கொஞ்சம் தேய்கிறது. நல்ல பெட்டியாகவே பார்த்து வாங்கி வந்திருந்தாலும் இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அது கெட்ட பெட்டியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான அவசரமும் இருக்கிறது. சத்தம் கேட்டவுடன் பெட்டி மோசம் என்று முடிவு கட்டி, உடனே இறக்கி, இன்னொரு பெட்டி தேடச் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவது. அந்த இரண்டாவது பெட்டியும் அதே மாதிரி கத்தும். ஏனென்றால், மாற்றிய கையோடு வருகிற கரகரப்பில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளிருந்து வருவதில்லை. கிளட்ச் முழுசாக விடாததால் வருகிறது. பெடலில் தொடங்கி, வெளியே இருப்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பெட்டியைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் பணமும் மிச்சம், உடம்பு வலியும் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சின் ஓடும்போது ஃபிளைவீலும் அதோடு போல்ட் போட்டிருக்கும் பிரஷர் பிளேட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அழுந்தியிருக்கும் கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் விலகி, கிளட்ச் பிளேட் எந்தப் பக்கமும் ஒட்டாமல் நிற்க வேண்டும். அந்த விலகல் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். பெடல் பயணத்தில் கொஞ்சம் வீணானாலும், பிளேட் ஓர் ஓரத்தில் லேசாக வளைந்திருந்தாலும், ஃபிளைவீல் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்புட் ஷாஃப்ட் நிற்காது. நிற்காத ஷாஃப்டின் கியரை, நிற்கிற சக்கரத்தோடு பிணைந்த கியரோடு கோக்கப் பார்த்தால் பல்லும் பல்லும் உரசும். நாம் கேட்கிற கரகரப்பு அதுதான்.

முன்னோக்கி ஓடும் கியர்களில் சிங்க்ரோ ரிங் இருக்கிறது. மெக்கானிக்குகள் கோன் என்றும் சொல்வார்கள். கூம்பு வடிவப் பரப்பில் பித்தளை ரிங் உரசி, இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிய பிறகே பல் கோக்க விடும். கிளட்ச் லேசாக இழுத்தாலும் அந்த ரிங் கொஞ்ச நாள் சமாளித்து மறைத்துவிடும். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு மட்டும் சிங்க்ரோ கிடையாது. எனவே கிளட்சின் உண்மை நிலையை ரிவர்ஸ்தான் முதலில் சொல்லும்.

முதலில் நான்கு சோதனைகள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள், முன்னும் பின்னும் ஆள் இல்லாமல். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றுவிடாமல் சுலபமாக விழுந்தால் லிவர், அதைப் பெட்டியோடு இணைக்கும் லிங்கேஜ், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் எல்லாம் ஏறக்குறைய சரி. ஏதாவது ஒரு கியர் நிற்கிற வண்டியிலேயே விழ மறுத்தால் வண்டியை ஒரு சாண் நகர்த்தி மறுபடி முயலுங்கள். பல்லுக்கு நேரே பல் நின்றாலும் விழாது. நகர்த்தியும் விழவில்லை என்றால் கிளட்சை விட்டுவிட்டு லிங்கேஜ் பக்கம் போகலாம்.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, ஐடில் 800, 900 ஆர்பிஎம் அளவில் நிற்கும்போது, நியூட்ரலில் கிளட்சை அடிவரை மிதியுங்கள். ஐந்து விநாடி காத்திருங்கள். இந்தக் காத்திருப்பு முக்கியம், ஏனென்றால் நல்ல கிளட்சிலும் இன்புட் ஷாஃப்ட் தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அப்புறம் மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். காத்திருந்தும் கத்தினால் கிளட்ச் விடவில்லை என்று நம்பலாம். காத்திருந்தால் கத்தவில்லை, அவசரப்பட்டால் மட்டும் கத்துகிறது என்றால் அது அந்த வண்டியின் இயல்பு. ரிவர்ஸ் வழுக்கிக்கொண்டு விழுகிறது, இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் ஓட்டத்தில் கத்துகிறது என்றால் சந்தேகம் சிங்க்ரோ மேல் போக வேண்டும். ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உள்ள புதிய பெட்டிகளில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அங்கே அடுத்த சோதனையை நம்புங்கள்.

இழுவைச் சோதனைக்கு ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கண்டிப்பாக ஸ்டாண்ட் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது முதல் கியர் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சக்கரம் நின்றே இருந்தால் நல்லது. மெதுவாகச் சுற்றினால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். தொட்டதும் நின்று, விட்ட பிறகும் சுற்றவில்லை என்றால் அது எண்ணெயின் ஒட்டுதல் மட்டும். பிரேக் பிடித்தால் எஞ்சின் சத்தம் அமுங்குகிறது, விட்டால் மறுபடி சுற்றுகிறது என்றால் கிளட்ச் இழுக்கிறது.

நான்காவது, ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது) உள்ள வண்டிகளுக்கு மட்டும். பெடலை நாலைந்து தடவை வேகமாக அடித்துவிட்டுக் கியர் போடுங்கள். அப்படிச் செய்தால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் லைனில் காற்று இருக்கிறது. மிதித்த பெடலை அப்படியே ஒரு நிமிடம் பிடித்திருக்கும்போது நின்ற வண்டி மெல்ல நகரத் தொடங்கினால் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுக்கிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, ஆனாலும் கிளட்ச் விடாது.

இந்த நான்கையும் செய்யாமல் ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள். வண்டியைப் பட்டறையில் கொடுத்திருந்தாலும் பக்கத்தில் நின்று, “அண்ணே, ஒரு தடவை ரிவர்ஸ் போட்டுப் பார்த்துடலாம்” என்று சொல்லலாம். நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

சத்தத்தைக் கேட்டுப் பிரிப்பது

கியர் போடும் கணத்தில் வருகிற கரகரப்பு வேறு, தொடர்ந்து வருகிற இரைச்சல் வேறு. இரண்டாவதை நின்ற வண்டியிலேயே ஓரளவு பிரித்துவிடலாம். நியூட்ரலில், பெடலை விட்டிருக்கும்போது ‘ஹூம்’ என்று வந்து, மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நேர்மாறாக, மிதிக்க மிதிக்க வந்தால், பிரஷர் பிளேட்டை விலக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங். அடிவரை மிதித்து, கியரும் போட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் கீச்சென்று வந்தால், எஞ்சினின் கிராங்க் முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். அந்த நேரத்தில்தான் கிராங்க் சுற்ற, இன்புட் ஷாஃப்ட் நிற்க, நடுவில் அந்தப் பேரிங் வேலை செய்கிறது. ஆனால் எல்லா வண்டியிலும் பைலட் பேரிங் இருக்காது. முன்சக்கர இழுவை உள்ள சின்னக் கார்கள் பலவற்றில் கிடையாது.

பெடல் எப்படி இருந்தாலும் எஞ்சின் ஓடும்போதெல்லாம் தகரம் உரசுகிற சத்தம் வருகிறதா? பெட்டியை இறக்க நினைப்பதற்கு முன், கிளட்சை மூடி நிற்கும் பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள். ஏற்றும்போது அது மடங்கி ஃபிளைவீலைத் தொடுவது சகஜம். வேறு மாடலின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டிருந்தால் அதன் பினியன் பல், ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரோடு உரசும். இரண்டும் வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடிய வேலை.

ஓடும்போது வந்து, நியூட்ரலுக்குத் தள்ளினாலும் வண்டி வேகத்தோடு ஏறி இறங்குகிற சத்தம் கிளட்சுடையது இல்லை. பெட்டியின் கடைசி ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், சக்கர பேரிங் என்று தேட வேண்டும்.

பெடலிலிருந்து ரிலீஸ் ஃபோர்க் வரை

முதலில் மிதியடியை எடுத்துப் போடுங்கள். தடித்த ரப்பர் மிதியடிக்கு மேல் இன்னொரு துணி மிதியடி போட்ட வண்டிகளில் பெடல் கடைசி ஒரு விரற்கடை கீழே போவதே இல்லை. அந்தக் கடைசி விரற்கடையில்தான் கிளட்ச் முழுசாக விடும்.

கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ ப்ளே பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தி, கனம் தொடங்கும் வரை எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் வரும். அதிகமாக இருந்தால் கிளட்ச் விடாது. ஒன்றுமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கத்தல் நிற்கலாம், ஆனால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும், கிளட்ச் வழுக்கவும் தொடங்கும். நட்டை இறுக்கிக் கத்தலை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பெட்டி மாற்றிய வண்டியில் கேபிள் விஷயத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கேபிளைத் தாங்கும் பிராக்கெட். வேறு மாடல் பெட்டியில் அதன் உயரமும் கோணமும் மாறும். மிதிக்கும்போது பிராக்கெட் வளைந்தால் பாதிப் பயணம் அதிலேயே போய்விடும். இன்னொருவரை மிதிக்கச் சொல்லி, கேபிள் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கண்ணால் பாருங்கள். இரண்டாவது, ரிலீஸ் ஷாஃப்டின் கை. பல பெட்டிகளில் இந்தக் கை நுண்பற்களில் கோத்து நிற்கும். ஷாஃப்டிலும் கையிலும் ஒரு புள்ளி அடையாளம் இருக்கும். இரண்டும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டால் கேபிளை எவ்வளவு திருகினாலும் சரியாக வராது.

நம் கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கடற்காற்றில் கேபிள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும், உறைக்குள் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். பெட்டி மாற்றுகிற செலவில் புதுக் கேபிள் பெரிய தொகை இல்லை. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் என்றால் ஏர் எடுப்பதில் இருந்து தொடங்க வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயிலையே பயன்படுத்துங்கள், டாட் 3 அல்லது டாட் 4. கைக்குக் கிடைத்த வேறு எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போய் மாஸ்டர் சிலிண்டர், பெட்டிப் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். திறந்து வைத்த டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கடற்கரை ஊரில் பயன்படுத்தவே கூடாது. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் குழாய் மாட்டி, ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும் வரை எடுங்கள். ஸ்லேவ் சாய்ந்து, நிப்பிள் கீழ்ப்பக்கமாக நிற்கிற அமைப்பில் எத்தனை தடவை எடுத்தாலும் ஒரு குமிழி உள்ளேயே தங்கும். அப்போது பைப்பைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் போல்ட்டிலிருந்து விடுவித்து, தண்டு வெளியே வந்துவிடாமல் அழுத்திப் பிடித்து, நிப்பிள் மேலே வருகிற மாதிரி திருப்பி எடுக்க வேண்டும்.

ஏர் எடுத்த பிறகு ஸ்லேவின் தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து, மேனுவலில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். மேனுவல் கிடைக்கவில்லையா? அதே மாடலில் கிளட்ச் நன்றாக வேலை செய்கிற இன்னொரு வண்டியில் அளந்து ஒப்பிடலாம். வாடகை வண்டி ஸ்டாண்டில் கேட்டால் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்குவார். இந்த ஓர் அளவு பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும். தண்டு முழுத் தூரம் போகிறது, ஆனாலும் கிளட்ச் விடவில்லை என்றால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது. தூரமே போதவில்லை என்றால் வெளியேதான் இருக்கிறது, பெட்டியை இறக்காதீர்கள்.

லிங்கேஜும் எண்ணெயும்

கியர் முழுசாகக் கோக்காமல் பாதியில் நின்றாலும் கரகரக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் வெளியே தெறிக்கும். லிவரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள், பெட்டியோடு சேரும் ராடு, கேபிள் முனைகள் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். லிங்கேஜைப் பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியின் கையைக் கையாலேயே நகர்த்தினால் ஒவ்வொரு கியரும் ‘டக்’ என்று உட்கார்வது தெரியும். கையால் நன்றாக உட்கார்கிறது, லிவரால் உட்காரவில்லை என்றால் அட்ஜஸ்ட்மென்ட் கோளாறுதான். நான்கு கியர் பெட்டி இருந்த இடத்தில் ஐந்து கியர் பெட்டி போட்டு, பழைய லிவரையே வைத்துக்கொண்டால் ஐந்தாவதும் ரிவர்ஸும் அரைகுறையாகத்தான் விழும். எஞ்சின் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். எஞ்சின் ஆடும்போது லிங்கேஜும் சேர்ந்து இழுபடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் டிரம்மில் இருக்கிற 90 நம்பர் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். டிஃபரென்ஷியலுக்கென்று வருகிற ஜிஎல்-5 தர எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனங்கள் அதிகம். அவை பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கலாம். ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் வைக்கும். பித்தளை ரிங் உள்ள பெட்டிகள் பலவற்றுக்கு ஜிஎல்-4தான் சொல்லப்பட்டிருக்கும், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 போன்ற கனத்தில். சில பெட்டிகளுக்கு அதைவிட மெல்லிய எண்ணெய். வண்டிக்கு என்ன எண்ணெய் என்று பார்க்கக் கூடாது, இப்போது உள்ளே இருக்கிற பெட்டிக்கு என்ன எண்ணெய் என்று பார்க்க வேண்டும். காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும் கியர் கனமாக விழுந்து கத்துகிறது, சூடானால் சரியாகிறது என்றால் எண்ணெய் கனம் அதிகம் என்றே பெரும்பாலும் பொருள். நேர்மாறாக, சூடான பிறகுதான் கத்துகிறது என்றால் ஹைட்ராலிக் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

எண்ணெயை வடிக்கும்போது வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. எண்ணெயில் தங்கப்பொடி போல மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. உரசினால் கையில் குத்துகிற இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

எண்ணெய் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று ஒவ்வொன்றிலும் தெருவோடு தெருவாக வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியின் பெட்டியில் காற்று போக மேலே இருக்கும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். அப்படியே மாதக்கணக்கில் நின்றால் பேரிங் பாதையிலும் சிங்க்ரோ கூம்பிலும் துரு ஏறும். வெளியே கழுவி பெயின்ட் அடித்துக் கொடுத்தால் தெரியாது. செகண்ட்ஸ் பெட்டி வாங்கும்போது எண்ணெய் வடித்த நிலையில் கொடுத்தாலும் நிரப்பும் துளைக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டு, ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சொரசொரவென்று சுற்றுகிற பெட்டியை விலை குறைகிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

வெளியே எல்லாம் சரி, இன்னும் கிளட்ச் இழுக்கிறது என்று உறுதியான பிறகு இறக்குங்கள். இறக்கியதும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் கிளட்ச் பிளேட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் உள்ள புடைத்த நடுப்பகுதி பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸ் பக்கம் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று பிளேட்டிலேயே பல நேரம் எழுதியிருக்கும். திருப்பிப் போட்டிருந்தால் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டுகளில் உரசிய வட்டக் கோடு தெரியும். அது ஒன்றே போதும், கிளட்ச் எந்நாளும் விடாது.

அடுத்தது வளைவு. பெட்டியை ஏற்றும்போது ஜாக்கியால் தாங்காமல், இன்புட் ஷாஃப்டைப் பிளேட்டுக்குள் நுழைத்துவிட்டு, ஆள் மூச்சு வாங்கும் வரை பெட்டியைத் தொங்க விடுவார்கள். முழுக் கனமும் மெல்லிய பிளேட்டின் நடுவில் இறங்கி, அது வளைந்துவிடும். மாற்றிய கையோடு வருகிற இழுவையில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பிளேட்டை இன்புட் ஷாஃப்டிலேயே மாட்டிச் சுற்றிவிட்டு, ஓரத்துக்கு நேராக ஒரு கம்பியை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தாலே, தோராயமாக ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினாலே, அந்தப் பிளேட் வேண்டாம்.

அதே பிளேட் இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) தங்குதடையின்றி வழுக்குகிறதா என்றும் பாருங்கள். துரு இருந்தால் நைஸ் எமரி போட்டுத் துடைத்து, கிளட்ச் ஸ்பிளைனுக்கான கிரீஸை மிக மெல்லிசாகத் தடவி, பிளேட்டை ஏற்றி இறக்கி, மிஞ்சியதை வழித்து எடுங்கள். அள்ளிப் பூசினால் சுற்றும்போது தெறித்து, பிளேட்டின் உரசும் பரப்பான ஃபேஸிங்கில் படும், கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். பழைய பிளேட்டும் புதுப் பெட்டியும் என்றால் ஸ்பிளைன் எண்ணிக்கையையும் விட்டத்தையும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். ஏறக்குறைய நுழைகிறது என்பது போதாது.

ரிலீஸ் பேரிங்கின் உயரம் இன்னொரு பொறி. ஒரே குடும்ப வண்டிகளுக்குள்ளேயே ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பேரிங்குகள் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். பழையதையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளங்கள். பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் ஃபோர்க் உட்காரும் பந்து தேய்ந்திருக்கிறதா, ஃபோர்க்கில் விரிசல் இருக்கிறதா, பேரிங் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால், பிரஷர் பிளேட் கவரின் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கிக் கவர் முறுக்கிக்கொண்டது என்று பொருள்.

ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சீவி ஃபேஸ் எடுத்திருந்தால் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். சில ஃபிளைவீல்களில் பிளேட் உரசும் பரப்பும் கவர் உட்காரும் பரப்பும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும். ஒன்றில் மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டால் கணக்கு மாறிவிடும். இரண்டிலும் சமமாக எடுக்க வேண்டும்.

பிறகு டவல் (dowel) பின்கள். பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு நேராக நிறுத்துவது போல்ட்டுகள் அல்ல, இந்த இரண்டு சின்னக் குழல்கள்தான். பழைய பெட்டியோடு அவை போய்விட்டு, புதிதில் போடாமல் விட்டிருந்தால் இன்புட் ஷாஃப்ட் கோணலாக நிற்கும். கிளட்ச் இழுக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். ஹவுசிங் சேரும் முகத்தில் வயர், மண், பழைய கேஸ்கெட் துண்டு எதுவும் சிக்கக் கூடாது.

பைலட் பேரிங் உள்ள வண்டியில் அதைப் புதிதாகவே மாற்றுங்கள். அது இறுகினால் கிளட்ச் விட்ட பிறகும் கிராங்க் இன்புட் ஷாஃப்டைச் சுற்றும். ரிவர்ஸ் சோதனையில் அது கிளட்ச் கோளாறு மாதிரியே தெரியும். இதெல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தீராத பழைய எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். அதை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருந்தால் பெடலை மிதிக்கும்போது கிராங்க்கே முன்னே நகர்ந்து, பயணத்தைத் தின்றுவிடும். முன்பக்கப் புல்லியை ஒருவர் பார்த்திருக்க, இன்னொருவர் பெடலை மிதித்தால் தெரிந்துவிடும்.

சிங்க்ரோதான் என்று உறுதியானால்

கிளட்ச் நன்றாக விடுகிறது, இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வேகமாகப் போடும்போது கத்துகிறதா? ஓட்டத்தில் டபுள் கிளட்ச் செய்து பாருங்கள்: மிதித்து நியூட்ரல், விட்டு எஞ்சின் வேகத்தைப் பொருத்தி, மறுபடி மிதித்துக் கியர். அப்படிப் போட்டால் சத்தமில்லை என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து, ரிங்கைக் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டு அளக்கலாம். பல சின்னக் கார்ப் பெட்டிகளில் புதிதாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரிங் மாற்ற வேண்டியதுதான். ரிங்கை மட்டும் மாற்றிவிட்டுக் கியரின் சின்னப் பற்களையும் அவற்றோடு கோக்கும் ஸ்லீவையும் பார்க்காமல் மூடக் கூடாது. அந்தப் பற்கள் கூர்மை போய் உருண்டிருந்தால் புது ரிங் போட்டும் கத்தும், கியரும் தெறிக்கும். ஒரே சமயம் இரண்டு மூன்று கியர்கள் இந்த நிலையில் இருந்தால் உதிரி வாங்கிச் சேர்ப்பதைவிட, மேலே சொன்ன மாதிரி சோதித்து வேறு பெட்டி எடுப்பது நல்லது.

திரும்ப ஏற்றுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

பிளேட்டை மையத்தில் நிறுத்த அலைன்மென்ட் டூல் இல்லையென்றால் பழைய பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் போதும், ஸ்பிளைன் ஒன்றாக இருந்தால். கவரின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றி வந்து இறுக்குங்கள். பெட்டியை ஜாக்கியில் தாங்கி, எஞ்சினுக்கு நேராகக் கொண்டுவந்தால் கடைசி வரை கையாலேயே போய்ச் சேர வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டர் நின்றுவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். பின்வாங்கி, கோணத்தைச் சரிசெய்து, ஷாஃப்டைக் கொஞ்சம் சுற்றி மறுபடி நுழையுங்கள். போல்ட்டால் இழுத்து மூடிய பெல் ஹவுசிங்கில்தான் போல்ட் காது உடைவதும் பிளேட் வளைவதும் நடக்கிறது.

ஏற்றி முடித்ததும் தரையில் அதே நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்யுங்கள். பிறகு சாலைக்கு. முதலில் நெரிசலில் ஓட்ட வேண்டும், ஏனென்றால் கிளட்சும் ஹைட்ராலிக்கும் சூடான பிறகுதான் உண்மை தெரியும். புதுச்சேரிக்காரர்களுக்கு மரப்பாலம் சிக்னலிலிருந்து அரியாங்குப்பம் வரை சாயங்கால நேரம் போதும். கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை போய் வாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஏற்றம். தட்டையான இந்தக் கடலோரத்தில் ஏற்றம் கிடைப்பது அரிது. கடலூரில் கேப்பர் மலை, புதுச்சேரியில் கோரிமேடு பக்கம். மூன்றாவதில் ஏறும்போது எஞ்சின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, ஃப்ரீ ப்ளேயை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறீர்கள். இறக்கத்தில் அதே கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக விடுங்கள். கியர் வெளியே தெறித்தால் லிங்கேஜோ பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ கவனிக்க வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்துக் காந்தத்தைத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றுங்கள். பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் மவுன்ட் போல்ட்டுகளையும் மேனுவல் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபார்த்து, ஃப்ரீ ப்ளேயை மறுபடி அளந்து, மாறியிருந்தால் திருத்திவிடுங்கள்.